சிறப்புப் புள்ளியை அடையாளம் காண்பதிலிருந்து தொடர்த்தீர்வு வரை: முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தொடர் வடிவில் தீர்வு காணச் சொன்னால், பெரும்பாலானவர்கள் முதல் வரியிலேயே y = Σ aₙxⁿ என்று எழுதிவிடுகிறார்கள். அரைப் பக்கம் போனதும் கெழுக்கள் எல்லாம் பூச்சியமாகும், அல்லது 0 = 1 என்று ஒரு வரி வந்து நிற்கும். வகுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தவறு அந்த வரியில் இருக்காது. எந்தப் புள்ளியைச் சுற்றி விரிக்கிறோம், அது எந்த வகைப் புள்ளி என்று கேட்காமல் தொடங்கியதில்தான் இருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி இடம் தொடரை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே போகிறது.

ஒரு சொல் விளக்கம். வகுப்பில் சிங்குலர் பாயிண்ட் என்று சொல்வதை இங்கே சிறப்புப் புள்ளி என்கிறேன். ஒரு சார்பு ஒரு புள்ளியில் பகுமுறைச் சார்பு என்றால், அப்புள்ளியைச் சுற்றி அதை டெய்லர் தொடராக விரிக்க முடியும், அந்தத் தொடர் அருகில் அந்தச் சார்புக்கே குவியும் என்று பொருள்.

0. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பல்லுறுப்புக்கோவையைக் காரணிப்படுத்தத் தெரிய வேண்டும். தொடரின் சுட்டெண்ணை நகர்த்தத் தெரிய வேண்டும்: Σ aₙxⁿ⁺¹ என்பதை Σ aₙ₋₁xⁿ என்று மாற்றும்போது தொடக்க எண்ணும் 0-விலிருந்து 1-க்கு நகரும் என்பது கை தானாகச் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். இது தடுமாறினால், கீழே சொல்லும் எதுவும் சரியாக வராது. ஒரு நாள் செலவழித்து அதை மட்டும் பழகிவிட்டு வாருங்கள்.

1. y″-இன் கெழுவால் வகுத்துவிடுங்கள்

சமன்பாட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்:

y″ + P(x) y′ + Q(x) y = 0

இனி வரும் சோதனைகள் எல்லாம் இந்த P, Q மீதுதான் நடக்கும். வகுக்காமல், கொடுத்த சமன்பாட்டில் y′-க்கு முன்னால் நிற்பதையே P என்று எடுத்துக்கொள்வது முதல் பெரிய தவறு. அப்படி எடுத்தால் எல்லாப் புள்ளியும் நல்ல புள்ளியாகவே தெரியும், ஏனென்றால் பகுதியில் எதுவுமே இருக்காது.

வழிகாட்டி முழுக்க நம்மோடு வரப்போகும் சமன்பாடு இது:

x²(x−1)²(x+2) y″ + 3x(x+2) y′ + 5(x−1)(x+2) y = 0

2. பொதுக் காரணிகளை நீக்கிய பிறகே புள்ளிகளைத் தேடுங்கள்

வகுத்துச் சுருக்கினால்:

P = 3 / [x(x−1)²], Q = 5 / [x²(x−1)]

(x+2) இரண்டிலும் மறைந்துவிட்டது. ஆகவே x = −2 ஒரு சாதாரணப் புள்ளி, அதாவது P, Q இரண்டும் பகுமுறையாக இருக்கும் புள்ளி. y″-இன் கெழு அங்கே பூச்சியம் என்பதால் மட்டும் அது சிறப்புப் புள்ளி ஆகிவிடாது.

காரணி வெளிப்படையாகத் தெரியாத இடங்களில் இது இன்னும் ஏமாற்றும். x y″ + (சைன் x) y = 0 என்பதில் Q = சைன் x / x. சைனின் தொடரை எழுதி x-ஆல் வகுத்தால் 1 − x²/6 + x⁴/120 − … என்று வருகிறது. பகுதியில் x மிச்சமில்லை. x = 0 சாதாரணப் புள்ளிதான்; Σ aₙxⁿ போட்டாலே போதும்.

3. பட்டியலைக் கலப்பெண்களோடு எழுதுங்கள்

P அல்லது Q பகுமுறையாக இல்லாத ஒவ்வொரு புள்ளியும் சிறப்புப் புள்ளி. நம் சமன்பாட்டுக்கு 0, 1 இரண்டும்.

மெய்யெண்களோடு நிறுத்திவிடுவது இங்கே நடக்கும் தவறு. (x²+4) y″ + x y′ + y = 0 என்பதில் மெய்க்கோட்டில் எந்தச் சிறப்புப் புள்ளியும் இல்லை; ±2i-இல் இருக்கின்றன. அவை நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஒரு சாதாரணப் புள்ளியைச் சுற்றி எழுதும் தொடரின் குவிவு ஆரம் (எவ்வளவு தொலைவு வரை தொடர் குவிகிறது என்பது), அங்கிருந்து மிக அருகிலுள்ள சிறப்புப் புள்ளிக்கான தொலைவுக்குக் குறையாது. அந்தத் தொலைவைக் கலப்பெண் தளத்தில்தான் அளக்க வேண்டும். x = 0-வைச் சுற்றி விரித்தால் குறைந்தது 2 வரை குவியும். x = 1-ஐச் சுற்றி விரித்தால் குறைந்தது √5 வரை. இந்த எண்களைத் தீர்வைக் கண்டுபிடிக்காமலேயே சொல்லிவிட முடிகிறது.

4. ஒவ்வொரு புள்ளியாகச் சோதியுங்கள்

x₀ சிறப்புப் புள்ளி என்று தெரிந்த பிறகு, இந்த இரண்டும் அங்கே பகுமுறையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்:

(x−x₀) P(x), (x−x₀)² Q(x)

இரண்டும் இருந்தால் ஒழுங்கான சிறப்புப் புள்ளி. ஒன்று தவறினாலும் ஒழுங்கற்ற சிறப்புப் புள்ளி.

P-க்கு ஒரு காரணி, Q-வுக்கு இரண்டு என்பதை மனப்பாடம் செய்பவர்கள் தேர்வறையில் மாற்றிப் போடுகிறார்கள். காரணம் தெரிந்தால் மாறாது. y = xʳ என்று வைத்துப் பாருங்கள். y″-இல் அடுக்கு 2 குறைகிறது. y′-இல் 1 குறைகிறது, ஆகவே P இன்னும் 1 குறைத்தால் சமமாகிவிடும். y-இல் எதுவும் குறையவில்லை, ஆகவே Q தனியாக 2 குறைக்கலாம். மூன்று உறுப்புகளும் ஒரே அடுக்கில் நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் P அல்லது Q வெடித்தால் அந்த ஒன்று மட்டும் மற்ற இரண்டையும் மீறிப் போய்விடும்.

நம் சமன்பாடு:

x₀ = 0: xP = 3/(x−1)², x²Q = 5/(x−1). இரண்டுக்கும் x = 0-வில் சிக்கல் இல்லை. ஒழுங்கானது.

x₀ = 1: (x−1)P = 3/[x(x−1)]. பகுதியில் (x−1) இன்னும் இருக்கிறது. (x−1)²Q = 5(x−1)/x² நன்றாகவே இருக்கிறது, ஆனால் பயனில்லை. ஒழுங்கற்றது.

மாற்றிப் போட்டவர் இங்கே (x−1)²P = 3/x என்று பெற்று, ஒழுங்கானது என்று எழுதியிருப்பார்.

இன்னொரு பொறி, எல்லை மதிப்பை மட்டும் பார்ப்பது. P, Q இரண்டும் பல்லுறுப்புக்கோவைகளின் விகிதமாக இருந்தால், x → x₀ எனும்போது எல்லை முடிவுள்ள எண்ணாக வருகிறதா என்று பார்த்தாலே போதும். மற்ற இடங்களில் போதாது. Q = 1/√x என்றால் x²Q = x√x; எல்லை 0, அழகாக இருக்கிறது. ஆனால் அதன் இரண்டாம் வகைக்கெழு x = 0-வை நெருங்கும்போது கட்டுக்கடங்காமல் போகிறது, டெய்லர் தொடர் கிடையாது. ஆகவே ஒழுங்கற்றது.

சிறப்பு என்பது சமன்பாட்டின் குணம், தீர்வின் குணம் அல்ல என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். x²y″ − 2xy′ + 2y = 0 என்பதன் தீர்வுகள் x, x². இவற்றைவிடச் சாதுவான சார்புகள் இல்லை. ஆனாலும் x = 0 சிறப்புப் புள்ளிதான், அதன் விளைவும் தெரிகிறது: y(0) = 1 என்று கேட்டால் தீர்வே இல்லை; y(0) = 0, y′(0) = 1 என்று கேட்டால் x + cx² எல்லாமே தீர்வு. சாதாரணப் புள்ளியில் இப்படி நடக்காது.

5. புள்ளியை 0-வுக்கு நகர்த்துங்கள்

x₀ பூச்சியமாக இல்லாவிட்டால் t = x − x₀ என்று மாற்றி, சமன்பாட்டில் உள்ள ஒவ்வொரு x-ஐயும் t + x₀ ஆக்குங்கள். பகுதியில் மட்டும் மாற்றிவிட்டு மேலே இருக்கும் x-ஐ அப்படியே விட்டுவிடுவது வழக்கமான கவனக்குறைவு.

குறிப் பிழை இன்னும் மோசம். லெஜாந்தர் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்:

(1−x²) y″ − 2x y′ + n(n+1) y = 0

x = 1-இல் P = −2x/(1−x²). பகுதியை −(x−1)(x+1) என்று எழுத வேண்டும். அப்போது (x−1)P = 2x/(x+1), x = 1-இல் மதிப்பு +1. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் −1 வரும். வகைப்படுத்தலில் இது தெரியாது, இரண்டு வழியிலும் ஒழுங்கானது என்றே விடை வரும். அடுத்த படியில்தான் மாட்டிக்கொள்வீர்கள்: சரியான கணக்கில் அடுக்குகள் (தீர்வு xʳ என்று தொடங்கும் அந்த r மதிப்புகள்) 0, 0, தவறான கணக்கில் 0, 2. அதற்குப் பிறகு எழுதும் இரண்டு பக்கமும் வீண்.

6. அடுக்குச் சமன்பாடு

ஒழுங்கான சிறப்புப் புள்ளி என்று உறுதியானதும், தீர்வை y = xʳ(a₀ + a₁x + a₂x² + …), a₀ ≠ 0 என்று தேடுகிறோம். இதுதான் ஃப்ரோபீனியஸ் முறை. மிகக் குறைந்த அடுக்கின் கெழுவைப் பூச்சியமாக்கினால்:

r(r−1) + p₀ r + q₀ = 0

p₀ என்பது x = 0-வில் xP-இன் மதிப்பு, q₀ என்பது x²Q-வின் மதிப்பு. நம் சமன்பாட்டில் p₀ = 3, q₀ = −5. ஆகவே r² + 2r − 5 = 0, r = −1 ± √6.

a₀ ≠ 0 என்ற நிபந்தனை வெறும் சடங்கு அல்ல. அது இல்லாவிட்டால் r-ஐ எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; r-ஐக் கட்டுப்படுத்துவதே அந்த நிபந்தனைதான்.

இப்போது இரண்டு மூலங்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். தொடரைத் தொடுமுன் இதை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முழு எண் அல்ல, பூச்சியம், அல்லது நேர் முழு எண். மூன்றுக்கும் வழி வேறு.

7. வித்தியாசம் முழு எண் இல்லையென்றால்

இது எளிய வகை. √6 கணக்கை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், கைக்கு அடக்கமான ஒன்றைப் போடுவோம்:

2x²y″ + 3xy′ − (1+x)y = 0

p₀ = 3/2, q₀ = −1/2. அடுக்குச் சமன்பாடு 2r² + r − 1 = 0, அதாவது (2r−1)(r+1) = 0. r = 1/2, −1. வித்தியாசம் 3/2.

தொடரை இட்டு, xⁿ⁺ʳ-இன் கெழுவைச் சேகரித்தால் மீள்தொடர்பு, அதாவது ஒரு கெழுவை முந்தைய கெழுவிலிருந்து தரும் சமன்பாடு, கிடைக்கிறது:

(2s−1)(s+1) aₙ = aₙ₋₁, இங்கே s = n + r

அடுக்குச் சமன்பாட்டின் இடப்பக்கமே r-க்குப் பதில் s வந்து மறுபடி நிற்பதைக் கவனியுங்கள். எப்போதும் அப்படித்தான் வரும். வரவில்லையென்றால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த மிக மலிவான சரிபார்ப்பு இதுதான்.

r = 1/2: n(2n+3) aₙ = aₙ₋₁. a₀ = 1 என்றால் a₁ = 1/5, a₂ = 1/70, a₃ = 1/1890.

y₁ = √x (1 + x/5 + x²/70 + x³/1890 + …)

r = −1: n(2n−3) aₙ = aₙ₋₁. a₁ = −1, a₂ = −1/2, a₃ = −1/18.

y₂ = x⁻¹ (1 − x − x²/2 − x³/18 − …)

இரண்டாவதில் a₁-இன் குறியைப் பலர் விடுகிறார்கள்: n = 1 எனும்போது 2n−3 = −1. அதன் பிறகு எல்லாக் காரணிகளும் நேர் எண்கள், அதனால் அந்த ஒரு கழித்தல் குறி கடைசிவரை தொடர்கிறது.

ஒரு r-க்குக் கண்ட கெழுக்களை மற்றதற்கும் பயன்படுத்தாதீர்கள். மீள்தொடர்பில் r இருக்கிறது. ஒவ்வொரு r-க்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும். இந்தச் சமன்பாட்டுக்கு 0-வைத் தவிர வேறு முடிவுள்ள சிறப்புப் புள்ளி இல்லை என்பதால் அடைப்புக்குள் இருக்கும் தொடர்கள் எல்லா x-க்கும் குவியும். x எதிர் எண்ணாக இருக்கும் பக்கத்தில் தீர்வு வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் xʳ-ஐ |x|ʳ என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் x-களைத் தொட வேண்டாம்.

8. வித்தியாசம் முழு எண்ணாக வந்தால்

மூலங்கள் சமம் என்றால் யோசிக்க எதுவும் இல்லை, இரண்டாவது தீர்வில் மடக்கை கட்டாயம் வரும். பெஸல் சமன்பாடு x²y″ + xy′ + (x²−ν²)y = 0 என்பதில் ν-ஐ வரிசை என்பார்கள்; பூச்சிய வரிசை பெஸல் சமன்பாடு இப்படிப்பட்டது.

வித்தியாசம் நேர் முழு எண் N என்றால்தான் குழப்பம். மடக்கை வரலாம், வராமலும் போகலாம். "முழு எண் வித்தியாசம் என்றால் மடக்கை" என்று மனப்பாடம் செய்தவர்கள் பாதி நேரம் தேவையில்லாத வேலை செய்கிறார்கள். பெரிய மூலத்துக்கு எந்தத் தடையும் இல்லை, ஒரு தீர்வு நிச்சயம். சிறிய மூலத்தை எடுத்து n = N வரை நடந்து போங்கள். அங்கே aₙ-இன் காரணி பூச்சியமாகும், ஏனென்றால் s அப்போது பெரிய மூலத்தையே தொடுகிறது. வலப்பக்கமும் பூச்சியமானால் தப்பித்தோம்; இல்லாவிட்டால் மடக்கை.

தப்பிக்கும் எடுத்துக்காட்டு: x y″ + 2y′ + x y = 0. மூலங்கள் 0, −1. பொது மீள்தொடர்பு s(s+1)aₙ = −aₙ₋₂. r = −1 எனில் n(n−1)aₙ = −aₙ₋₂. n = 1-இல் 0·a₁ = 0, ஏனென்றால் a₋₁ என்று ஒன்று இல்லை. a₁ எதுவாகவும் இருக்கலாம், 0 என்று எடுத்துக்கொள்வோம். தொடர் கொசைன் x / x ஆக முடிகிறது. மற்றொரு தீர்வு சைன் x / x. மடக்கை இல்லை.

மாட்டிக்கொள்ளும் எடுத்துக்காட்டு: x y″ − y = 0. மூலங்கள் 1, 0. பெரிய மூலம் தருவது:

y₁ = x + x²/2 + x³/12 + x⁴/144 + …

r = 0 எனில் n(n−1)aₙ = aₙ₋₁. n = 1-இல் 0·a₁ = a₀. ஆனால் a₀ பூச்சியமல்ல. முட்டுச்சந்து. இப்போது இப்படித் தேடுகிறோம்:

y₂ = y₁ · மடக்கை(x) + b₀ + b₁x + b₂x² + … (இயல் மடக்கை)

இதைச் சமன்பாட்டில் இட்டால், மடக்கை ஒட்டியிருக்கும் உறுப்புகள் எல்லாம் y₁ ஒரு தீர்வு என்பதால் மொத்தமாக மறைந்துவிடும். மறையவில்லையென்றால் y₁ தவறு, மேலே போகாதீர்கள். மிஞ்சுவது 2y₁′ − y₁/x, அதாவது 1 + (3/2)x + (5/12)x² + …. இதோடு b-தொடர் தரும் உறுப்புகளைச் சேர்த்து ஒவ்வொரு அடுக்காகப் பூச்சியமாக்குங்கள்:

மாறிலி: 1 − b₀ = 0, b₀ = 1.
x: 2b₂ − b₁ + 3/2 = 0.
x²: 6b₃ − b₂ + 5/12 = 0.

b₁-ஐத் தீர்மானிக்கும் சமன்பாடு வரவே இல்லை. பதற வேண்டாம். b₁-ஐ மாற்றினால் y₂-உடன் y₁-இன் ஒரு மடங்கு கூடும், அவ்வளவுதான். b₁ = 0 என்று வைத்தால் b₂ = −3/4, b₃ = −7/36.

y₂ = y₁ · மடக்கை(x) + 1 − (3/4)x² − (7/36)x³ − …

பெஸல் சமன்பாட்டில் இரண்டு நிலைமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். வரிசை 1/2 எனில் மூலங்கள் ±1/2, வித்தியாசம் 1, மடக்கை இல்லை. வரிசை 1 எனில் மூலங்கள் ±1, வித்தியாசம் 2, மடக்கை உண்டு.

9. ஒழுங்கற்ற புள்ளியில் ஏன் நிறுத்த வேண்டும்

இந்த இடத்தில் மாணவர்கள் வாதாடுவார்கள்: "போட்டுப் பார்த்தேன், தொடர் வந்ததே!" சில நேரம் உண்மையிலேயே வரும்.

x²y″ + (3x−1)y′ + y = 0

P = (3x−1)/x², ஆகவே xP பகுமுறையல்ல; x = 0 ஒழுங்கற்றது. பிடிவாதமாகத் தொடரைப் போட்டால் மிகக் குறைந்த அடுக்கு −r a₀ = 0 என்கிறது. r-க்கு இருபடிச் சமன்பாடு வர வேண்டிய இடத்தில் ஒருபடிச் சமன்பாடு வந்திருக்கிறது, r = 0 மட்டும். அதுவே முதல் எச்சரிக்கை. தொடர்ந்தால் (n+1)aₙ₊₁ = (n+1)²aₙ, அதாவது aₙ₊₁ = (n+1)aₙ. ஆகவே:

y = 1 + x + 2x² + 6x³ + 24x⁴ + … = Σ n! xⁿ

ஒவ்வொரு கெழுவும் சரி. ஆனால் இத்தொடர் x = 0 தவிர வேறெங்கும் குவிவதில்லை. x = 0.01 என்று இட்டாலும் முதலில் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போய், n = 100-ஐத் தாண்டியதும் பெருக்கத் தொடங்கிவிடும். முதல் சில உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு தோராயமாகப் பயன்படுத்த வழி உண்டு. அது தனிக் கலை. ஃப்ரோபீனியஸ் முறையின் விடையாக இதை எழுத முடியாது.

x³y″ + y = 0 என்பது இன்னும் வெளிப்படையானது. குறைந்த அடுக்கு a₀ = 0 என்றே சொல்லிவிடும். r-க்கு ஒரு சமன்பாடுகூடக் கிடைக்காது.

10. முடிவிலியில் உள்ள புள்ளி

கேள்வியில் "எல்லாச் சிறப்புப் புள்ளிகளும்" என்று இருந்தால் முடிவிலியையும் பார்க்க வேண்டும். x = 1/t என்று இட்டு t = 0-வைச் சோதிப்பது வழி. P(1/t), Q(1/t) என்று மட்டும் மாற்றிவிட்டுச் சோதிப்பது எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு, வகைக்கெழுக்களும் மாறுகின்றன. சங்கிலி விதிப்படி y′ என்பது −t² (dy/dt) ஆகிறது, y″ என்பது t⁴ (d²y/dt²) + 2t³ (dy/dt) ஆகிறது. t⁴-ஆல் வகுத்தால், t-இல் உள்ள புதிய சமன்பாட்டின் கெழுக்கள்:

புதிய P: 2/t − P(1/t)/t²
புதிய Q: Q(1/t)/t⁴

y″ + y = 0 என்பதில் முடிவுள்ள சிறப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. முடிவிலியில் புதிய Q = 1/t⁴; t² பெருக்கினாலும் 1/t² மிஞ்சுகிறது. ஒழுங்கற்றது. ஏரி என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் சமன்பாடு y″ − xy = 0 என்றால் −1/t⁵ வரும், அதுவும் ஒழுங்கற்றது.

நம் சமன்பாட்டில் x பெரிதாகும்போது P, Q இரண்டும் 1/x³ வேகத்தில் சிறுக்கின்றன. ஆகவே P(1/t)/t² என்பது t = 0-வில் 3t போல, Q(1/t)/t⁴ என்பது 5/t போல நடந்துகொள்கிறது. t-ஆல் பெருக்கிய புதிய P-க்கு மதிப்பு 2, t²-ஆல் பெருக்கிய புதிய Q-வுக்கு மதிப்பு 0. முடிவிலி ஒழுங்கான சிறப்புப் புள்ளி; அடுக்குகள் r² + r = 0 தருபவை, 0, −1.

y″ = 0-வைப் போட்டுப் பாருங்கள். P, Q இரண்டும் பூச்சியம், எங்கும் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் புதிய P = 2/t; முடிவிலி ஒழுங்கான சிறப்புப் புள்ளி, அடுக்குகள் மறுபடியும் 0, −1. தீர்வுகள் 1, x என்பது முன்பே தெரியும், x என்பது t⁻¹.